ஃப்ரிட்ஜில் வைத்த சாவி

"இன்னிக்கும் நாலு துண்டா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே ரொட்டிக்கடை நெவ்ஸாத் இடுக்கியால் பிளம் கேக்கை எடுத்துக் காகிதத்தில் வைக்க ஆரம்பித்துவிட்டான்.

"நாலுதான். ஒண்ணு ஓரத்துத் துண்டா இருக்கட்டும். யோஸ்ட்டுக்குக் கருகின ஓரம்தான் பிடிக்கும்."

"இன்னும் எவ்வளவு நாள்தான் படம் எடுப்பாங்க? இந்நேரம் ஒரு உலகப் போரையே எடுத்து முடிச்சிருக்கலாம். உங்க ஒருத்தரை எடுக்க இவ்வளவு நாளா?"

"என்கிட்ட அவ்வளவு சரக்கு இருக்குடா."

"அது சரி. எங்க அப்பா சொல்வாரு, அந்தக் காலத்துல முகம் பூரா வெள்ளிப் பூச்சோட காலையில ரொட்டி வாங்க வருவீங்களாம். பாய்லருக்குப் பெயின்ட் அடிக்கிற பொம்பளை போலன்னு பாவப்பட்டு ஒரு ரொட்டி சேர்த்தே கொடுப்பாராம்."

"தெரியும். அதனாலதான் கழுவாம வந்தேன்."

நெவ்ஸாத் கல்லாவைத் தட்டிச் சிரித்தான். ரோட்ராவுட்டும் சிரித்தாள். பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டு மாடிப்படியில் ஏறும்போது சிரிப்பு வற்றிவிட்டது. நேற்று கிளம்பும்போது வீப்கே சொன்னது படிக்குப் படி கூடவே ஏறி வந்தது.

"நாளைக்குப் பாடிடு ரோட்ராவுட். பாடலைன்னா பாட்டு இல்லாமலே படத்தை முடிச்சிடுவேன். எப்படியும் நாளையோட நாங்க வர்றது முடிஞ்சுது."

படம் பாட்டோடு முடிந்தாலும் பாட்டில்லாமல் முடிந்தாலும் ரோட்ராவுட்டுக்கு ஒன்றுதான். அவர்கள் வருவது முடிகிறதே, அதுதான் அவளை உறுத்தியது.

வீப்கே டைரக்டர். ஒரு தொலைக்காட்சிக்காக ரோட்ராவுட்டைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறாள். எடுக்க வேண்டிய ஆள்தான். மேற்கு பெர்லினைச் சுற்றிச் சுவர் நின்றிருந்த நாளில், 'மேடம் பூஜ்ஜியம்' என்று சுவரொட்டி ஒட்டினால் போதும், க்ராய்ட்ஸ்பெர்க் பக்கத்துப் பழைய தொழிற்கூடங்களில் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். புதிய அலை என்று அந்தச் சங்கீதத்துக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அந்த அலையில் நனைந்தவர்களிலேயே விசித்திரமானவள் இவள்தான் என்பதில் யாருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

மேடையில் ஒரு ஃப்ரிட்ஜ் மட்டும் நிற்கும். தோள் உருண்ட, வெள்ளை எனாமல் பூசின பழைய மாடல். விளக்குகளை அணைப்பார்கள். தாளப்பெட்டி ஒன்று கடிகாரம் போலத் தட்டத் தொடங்கும். ஃப்ரிட்ஜின் கதவு உள்ளிருந்து திறக்கும். உள்ளே எரியும் சின்ன பல்பின் வெளிச்சத்தில், முகத்தில் வெள்ளிப் பூச்சும் கையில் ரப்பர் உறையுமாக, முழங்காலை மடித்து உட்கார்ந்திருப்பாள் ரோட்ராவுட். எழுந்திருக்க மாட்டாள். சிரிக்க மாட்டாள். கண்ணாடியில் ஊசியால் கோடு இழுக்கிற மாதிரி ஒரு குரலில், உள்ளே என்னென்ன சாமான் இருக்கிறது என்று பாடுவாள்.

பால் இருக்கிறது.
வெண்ணெய் இருக்கிறது.
நேற்று வைத்த சூப் இருக்கிறது.
நீ இல்லை.
கதவை மூடு, குளிர் போகிறது.

பாட்டு முடிந்ததும் கதவைத் தானே இழுத்து மூடிக்கொள்வாள். எவ்வளவு கைதட்டினாலும் திறக்காது. கூட்டம் கலைந்த பிறகுதான் வெளியே வருவாள். அதனால் தனக்குக் கைதட்டியவர்களின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. தகரத்துக்கு அப்பால் மழை பெய்வது போலக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

ஓர் இசைத்தட்டு வந்தது. இரண்டாவதுக்கு மஞ்சள் கவுன் போட்டுக் கடற்கரையில் ஓடச் சொன்னார்கள். ஃப்ரிட்ஜுக்குள்ளே என்றால் கவுன் போடுகிறேன் என்றாள். பேச்சு அதோடு நின்றது. பிறகு ஜனங்களின் காது மாறியது, சுவர் விழுந்தது, கூட இருந்தவர்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போனார்கள், சிலர் செத்தும் போனார்கள். அவள் குரல் மட்டும் வேறு வழியில் பிழைத்தது. நகரத்தில் ஏதோ ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தால், "தயவுசெய்து காத்திருங்கள், உங்கள் முறை வரும்" என்று சொல்கிற குரல் பல வருஷம் அவளுடையதாக இருந்தது. யாரோடும் பேசாமல் ஒரு வாரம் போய்விட்டால் அவளே அந்த எண்ணைச் சுழற்றிக் கேட்பாள். ஒருநாள் வேறொரு பெண் காத்திருக்கச் சொன்னாள். அதற்கப்புறம் அவள் போன் செய்யவில்லை.

இந்த நிலைமையில்தான் வீப்கே வந்து கதவைத் தட்டினாள்.

"வணக்கம், உங்களைப் பார்க்கத்தான்…" என்று அவள் ஆரம்பித்ததுமே ரோட்ராவுட் கையை உயர்த்தினாள்.

"நீங்க வாங்கன்னு மரியாதை போடறதா இருந்தா அப்படியே படியிறங்கிப் போயிடு. நான் என்ன வரி ஆபீஸா? இந்த வீட்டுக்குள்ள எல்லாரும் நீதான்."

அன்றிலிருந்து நீதான். கேமராக்காரன் யோஸ்ட் இந்த ஊர்க்காரன், அசல் பெர்லின் வாய். அவளை "பூஜ்ஜியம்" என்று கூப்பிட அவனுக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஒலிப்பதிவு செய்கிற ஆர்னே வடக்கே கடலோரத்திலிருந்து வந்தவன். ஒரு நாளைக்கு அவன் பேசுவதை ஒரு தீப்பெட்டியில் அடைத்துவிடலாம்.

அவர்கள் வந்த முதல் நாளே, கேமரா ஓடும்போது அதன் நெற்றியில் எரிந்த சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்து அவள் முகத்தைச் சுளித்தாள்.

"அந்தச் சிவப்புக் கண்ணை மூடு. என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிற மாதிரி இருக்கு."

"உன்னைப் பார்த்துக் கண்ணடிக்க இனிமே அது ஒண்ணுதான் பாக்கி பூஜ்ஜியம்," என்றான் யோஸ்ட். ஆனாலும் கறுப்பு டேப்பை ஒரு துண்டு கிழித்து அதன்மேல் ஒட்டினான்.

பேட்டி எடுத்தார்கள். பழைய படங்களைப் பரப்பி வைத்து எடுத்தார்கள். அவள் படியேறுவதை, வெங்காயம் நறுக்குவதை, ஜன்னலில் நின்று முற்றத்தைப் பார்ப்பதை எல்லாம் எடுத்தார்கள். ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் ஆர்னே ஒரு விரலை உயர்த்துவான். உடனே எல்லோரும் இருந்த இடத்தில் அசையாமல் உட்கார வேண்டும். வெறும் அறையின் சத்தத்தை அவன் ஒரு நிமிஷம் பதிவு செய்வான். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடையில் வைக்க அது வேண்டுமாம். மற்றவர்களுக்கு அது தொல்லை. யோஸ்ட் மூக்கைச் சொறிய முடியாமல் தவிப்பான். ரோட்ராவுட்டுக்கோ நாளெல்லாம் காத்திருந்தது அந்த நிமிஷத்துக்குத்தான். இந்த அறையில் அவள் தனியாக உட்கார்ந்து கேட்ட நிசப்தம் வேறு. இதில் மூன்று பேருடைய மூச்சு கலந்திருந்தது.

ஆர்னேயிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அடுக்களையில் ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜ் முனகுமே, அது ஒலிப்பதிவுக்கு எதிரி. வந்ததும் அதன் பிளக்கைப் பிடுங்குவான். பிடுங்கிய கையோடு வண்டிச் சாவியை அந்த ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக் கதவை மூடுவான்.

"இது என்ன சாஸ்திரம்?" என்று அவள் முதல் நாள் கேட்டாள்.

ஆர்னே பதில் சொல்வதற்குள் யோஸ்ட் முந்திக்கொண்டான். "போன வருஷம் ஒரு வீட்டுல பிளக்கைத் திரும்பச் சொருக மறந்துட்டான். அவங்க வீட்டு மான் கறி மொத்தமும் நாறிப்போச்சு. சாவி உள்ளே இருந்தா அதை எடுக்காம வண்டி கிளம்பாது, எடுக்கப் போனா பிளக் ஞாபகம் வரும். இவன் மட்டும் இல்லை, மைக் பிடிக்கிற பயலுக அத்தனை பேரும் இப்படித்தான்."

"ம்," என்றான் ஆர்னே.

சாவி ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிறவரை அவர்கள் போக மாட்டார்கள். ரோட்ராவுட் அன்றைக்கு அதை அப்படித்தான் மனதில் குறித்துக்கொண்டாள்.

பாட்டு மட்டும் பாக்கி நின்றது. மேடை ஃப்ரிட்ஜ் நடு அறையில், அடுக்களை வாசலை ஒட்டி இன்னமும் நின்றுகொண்டிருந்தது. அவள் அதற்குள் உட்கார்ந்து பாட வேண்டும், படம் அங்கேதான் முடிய வேண்டும் என்று வீப்கே முதல் நாளே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ரோட்ராவுட்டுக்குச் சாக்குக்குப் பஞ்சமில்லை. பழைய பல்பு எரியவில்லை. பல்பை வீப்கே தேடி வாங்கி வந்தாள். வெள்ளிப் பூச்சு அரிக்கிறது. அரிக்காத பூச்சு வந்தது. முழங்கால் மடங்கவில்லை. யோஸ்ட் உள்ளே ஒரு மெத்தை போட்டுக் கொடுத்தான். ஈரக் காற்று, தொண்டைக் கட்டு, கெட்ட கனவு. ஒவ்வொரு சாக்குக்கும் ஒருநாள் கிடைத்தது. ஒவ்வொரு நாளும் நாலு துண்டு கேக் வாங்கினாள்.

இன்று சாக்கு எடுபடாது.

அவர்கள் வந்தார்கள். கேக்கைத் தின்றார்கள். ஆர்னே பிளக்கைப் பிடுங்கிச் சாவியை உள்ளே வைத்தான். யோஸ்ட் நடு அறையில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, மேடை ஃப்ரிட்ஜைப் பார்க்கத் திருப்பினான். வெளிச்சம் சரியா என்று பார்க்க ஒருதரம் பொத்தானை அழுத்தினான். பிறகு வீப்கேயும் அவனும் முன் அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டப் போனார்கள். கீழ் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்ல ஆர்னே இறங்கிப் போனான்.

ரோட்ராவுட் அடுக்களைக் கண்ணாடி முன் முகத்துக்கு வெள்ளி பூசினாள். கன்னம் முடிந்தது, நெற்றி முடிந்தது. மூக்குக்கு வந்தபோது கையை நிறுத்தினாள். முன் அறையில் யோஸ்ட் ஏதோ சொல்ல வீப்கே சிரித்தாள். ரோட்ராவுட் விரலைத் துணியில் துடைத்தாள், ஃப்ரிட்ஜைத் திறந்தாள், சாவியை எடுத்தாள். ஒரு கணம் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. குனிந்து உருளைக்கிழங்குக் கூடையில் கையை விட்டு, அடியில் செருகி, மேலே கிழங்குகளைச் சரித்து மூடினாள். திரும்பி வந்து மூக்குக்குப் பூச்சைத் தொடர்ந்தாள்.

பிறகு பாடினாள்.

மெத்தையில் உட்கார்ந்து கதவை மூடிக்கொண்டபோது உள்ளே பழைய ரப்பர் வாசனை அடித்தது. வெளியே யோஸ்ட் "ஓடுது" என்றான். தாளப்பெட்டி தட்டியது. கதவைத் தள்ளினாள். குரலுக்கு வயதாகியிருந்தது, ஊசியின் முனை கொஞ்சம் மழுங்கியிருந்தது. ஆனால் 'நீ இல்லை' என்ற இடத்தில் முன்பெல்லாம் யாரையும் நினைக்காமல் பாடியவள் இப்போது எதிரே நின்ற மூன்று பேரை ஒவ்வொருவராகப் பார்த்தாள். யோஸ்ட் கேமராவுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பாட்டு முடிந்தது. கதவை மூடிக்கொண்டாள். ஆர்னே விரலை உயர்த்தியிருப்பான், தெரிந்தது. அந்த நிமிஷத்தை அவள் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே உட்கார்ந்து கேட்டாள். யாரும் கைதட்டவில்லை, தட்டக் கூடாதே.

"அவ்வளவுதான்!" என்றான் யோஸ்ட். அவன் கேமராப் பொத்தானை அழுத்திய சத்தம்கூட உள்ளே கேட்டது. "வெளியே வா பூஜ்ஜியம், ஐஸ்கட்டி ஆயிடப் போறே."

வீப்கே அவளைக் கட்டிக்கொண்டாள். வீப்கேயின் காதெல்லாம் வெள்ளி ஒட்டியது. அப்புறம் கட்டிக்கொண்ட கையே ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தது. ஆர்னே அடுக்களைக்குப் போனான். ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம். மூடும் சத்தம். மறுபடி திறக்கும் சத்தம்.

"சாவி இல்லை," என்றான்.

"என்ன இல்லை?"

"சாவி."

"உள்ளே வெச்சியா?"

"வெச்சேன்."

"அப்ப வெண்ணெய் தின்னுட்டிருக்கும். நல்லாப் பாருடா."

பார்த்தார்கள். தட்டுகளை வெளியே எடுத்து வைத்துப் பார்த்தார்கள். ஊறுகாய் ஜாடிக்குள் யோஸ்ட் முள்கரண்டியை விட்டுக் கலக்கினான். மூவரும் பைகளைத் தரையில் கொட்டினார்கள். வீப்கே நாலுகாலில் தவழ்ந்து சோபாவுக்கு அடியில் பார்த்தாள், ஒரு பொத்தானும் பழைய டிராம் டிக்கெட்டும் கிடைத்தன.

"பரபரப்பு வேண்டாம். முதல்ல ஒரு காபி," என்றாள் ரோட்ராவுட். வெள்ளி முகத்தோடு காபி வடித்தாள். காபி குடித்துவிட்டுத் தேடினார்கள். தேடிவிட்டு உட்கார்ந்தார்கள். வேலை இல்லாமல் அவர்கள் அவள் வீட்டில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. யோஸ்ட் ஒரு கல்யாணத்தைப் படமெடுக்கப் போய் வேறு ஜோடியை எடுத்துவந்த கதையைச் சொன்னான். ஆர்னே சிரித்தான். அவனுக்குப் பல் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

"பசிக்குமே. உருளைக்கிழங்கு வறுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டாள் ரோட்ராவுட். வாய் முந்திவிட்டது.

"நான் உரிக்கிறேன்," என்று யோஸ்ட் கூடையை இழுத்தான்.

"வேண்டாம், நீ உட்காரு…"

"சும்மா இரு, எங்க அம்மா வளர்ப்பு இது." அவன் மடியில் கூடையை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே உரித்தான். கிழங்கு குறையக் குறைய அவள் பேச்சும் குறைந்தது. கடைசியில் அவன் கையை விட்டுச் சாவியைத் தூக்கிப் பிடித்தான்.

"ஆர்னே! இது எந்த ரகக் கிழங்குடா?"

"நான் வைக்கலை."

"ஃப்ரிட்ஜுன்னு நெனைச்சுக் கூடையில வெச்சிருக்கே. அடுத்த தரம் குப்பைத் தொட்டி பிளக்கைப் பிடுங்கப் போறே."

"நான் வைக்கலை," என்றான் ஆர்னே மறுபடியும். அவன் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்வது அபூர்வம். வீப்கே ரோட்ராவுட்டின் பக்கம் திரும்பினாள். ரோட்ராவுட் வாணலியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தின்றார்கள், பாத்திரம் கழுவினார்கள், பிளக்கைச் சொருகினார்கள். யோஸ்ட் கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைத்தான். படியில் காலடிச் சத்தம் இறங்கி, முற்றத்தில் நடந்து, பெரிய கதவோடு நின்றது.

அடுத்து வந்த நாட்களில் நெவ்ஸாத் இடுக்கியைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான்.

"ஒண்ணு," என்றாள் ரோட்ராவுட்.

"ஓரமா, நடுவா அக்கா?"

"ஏதோ ஒண்ணு."

அவன் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நவம்பர் முற்றிக்கொண்டு வந்தது. மத்தியானத்திலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. பேட்டியில் சொல்லாமல் விட்ட விஷயங்கள் ஞாபகம் வந்தன. அவற்றைச் சுவருக்குச் சொன்னாள். ஒருநாள் போன் அடித்தது. வீப்கே.

"நாளைக்கு வரலாமா? நான் மட்டும்தான்."

வீப்கே வந்தாள். கையில் ஒரு மடிக்கணினி. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, உட்காரக்கூட இல்லை.

"ஒரு தப்பு நடந்துபோச்சு. உன் பாட்டு கேமராவுல இல்லை."

"இல்லைன்னா?"

"யோஸ்ட் வெளிச்சம் பார்க்கும்போது அழுத்தினவன் அதை நிறுத்த மறந்துட்டான். அப்பவே ஓட ஆரம்பிச்சிருக்கு. அப்புறம் பாட்டுக்கு 'ஓடுது'ன்னு சொல்லி அழுத்தினானே, அப்ப நின்னுபோச்சு. முடிஞ்சதுன்னு அழுத்தினப்ப மறுபடி ஓட ஆரம்பிச்சிருக்கு. சிவப்பு விளக்கு மேல டேப்பு. அவன் கண்ணுல தண்ணி. கேமராக்காரனுக்கு இதைவிடக் கேவலம் கிடையாது. வீட்டுல படுத்துக்கிட்டு போனைக்கூட எடுக்க மாட்டேங்கறான்."

ரோட்ராவுட் கண் இமைக்காமல் கேட்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"முப்பது வருஷம் கழிச்சு உள்ளே உட்கார்ந்தேன், அதையும் தொலைச்சிட்டானா! பாவம், அவனைத் திட்டாதே. திரும்ப எடுத்துக்கலாம். என்ன இப்போ? முழங்கால் அன்னிக்கே சரியில்லை, கொஞ்ச நாள் எண்ணெய் தேய்க்கணும். பூச்சும் தீர்ந்துபோச்சு. அப்புறம்…" அவள் விரல் மடிக்க ஆரம்பித்தாள்.

"எடுக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி நீ ஒண்ணைப் பார்க்கணும்," என்று வீப்கே கணினியைத் திறந்து மேஜையில் வைத்தாள்.

திரையில் மேடை ஃப்ரிட்ஜ் நின்றது. அதன் பக்கத்தில் அடுக்களை வாசல். வாசலுக்குள்ளே ஒரு கிழவி கண்ணாடி முன் நின்று முகத்துக்குப் பூசிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வெள்ளி, மூக்கு மட்டும் சிவப்பாக, வெறுமையாக. எங்கிருந்தோ சிரிப்புச் சத்தம். கிழவி கையை நிறுத்தினாள். காதைச் சாய்த்தாள். அடுக்களை ஃப்ரிட்ஜைத் திறந்து சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவளைப் பார்க்க யாருமே இல்லை என்று நினைத்த முகம் அது. குனிந்தாள். கிழங்குகள் உருளும் சத்தம் கேட்டது.

வீப்கே படத்தை நிறுத்தப் போனாள்.

"இரு," என்றாள் ரோட்ராவுட்.

அடுத்த துண்டில் எல்லோரும் தேடினார்கள். யோஸ்ட் ஜாடியைக் கலக்கினான். நடுவில் காபிக் கெட்டிலோடு வெள்ளி முகம் போய்வந்தது, பிறந்தநாள் வீட்டுக்காரி மாதிரி. யோஸ்ட் கதை சொல்ல மற்றவர்கள் சிரிக்கும்போது அந்த முகம் கதையைக் கேட்கவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

கணினி இருண்டது. தெருவில் ஏதோ லாரி பின்னோக்கி நகர்ந்து பீப் பீப்பென்று கத்தியது.

"எப்போ தெரிஞ்சுது?" என்றாள் ரோட்ராவுட்.

"சந்தேகம் அன்னிக்கே. இதைப் பார்த்ததும் நிச்சயம்."

"அவனுங்களுக்கு?"

"ஆர்னே என்னோட பார்த்தான். எழுந்து போய்ச் சிகரெட் பிடிச்சுட்டு வந்தான்."

ரோட்ராவுட் மேஜைத் துணியின் சுருக்கத்தை நீவினாள். நீவிய இடத்தையே நீவினாள்.

வீப்கே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நான் மறைக்காம சொல்லிடறேன். அன்னிக்குப் பாடின உன் குரல் மட்டும் இருக்கு. ஆர்னேயோட ஒலிப்பதிவுப் பெட்டி தனியா ஓடினதால அது தப்பிச்சுது. அந்தக் குரலை இந்தப் படத்து மேல வெச்சா… நான் இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு எடுத்ததில்லை. எடுத்ததுன்னும் சொல்ல முடியாது. ஆனா இது உன் முகம். யாரும் பார்க்கலைன்னு நெனைச்சப்ப இருந்த முகம். நீ வேண்டாம்னு சொன்னா உன் கண்ணு முன்னாடியே அழிச்சிடறேன். வர்ற வியாழக்கிழமை மூணு பேரும் வந்து பாட்டைத் திரும்ப எடுப்போம். ஒருநாள்ல முடியலைன்னா ரெண்டு நாள்."

"ரெண்டு நாள்."

"ஆமா."

"இதைப் போட்டா?"

"அப்ப எடுக்க ஒண்ணும் பாக்கி இல்லை."

வியாழக்கிழமை. நாலு துண்டு, ஒன்று ஓரமாக. யோஸ்ட் வெட்கத்தோடு வருவான், அவனை நாளெல்லாம் கேலி செய்யலாம். ஆர்னே விரலை உயர்த்துவான். ரோட்ராவுட்டுக்கு வாயில் எச்சில் ஊறியது, பசி வந்தவள் போல.

"திரும்பப் போடு," என்றாள். "முதல் துண்டு."

வீப்கே போட்டாள். இந்தத் தடவை ரோட்ராவுட் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தாள். மேடையேறுவதற்கு முன் பல்பை, பூச்சை, கதவின் கீலைச் சரிபார்க்கும் கண் அது. தன்னைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தாள்.

"அந்தக் கிழவி நல்லாப் பண்றா," என்றாள்.

"அவ ஒண்ணும் பண்ணலையே."

"அதைத்தான் சொல்றேன்." நிமிர்ந்தாள். "நான் பாடினா இவ்வளவு வராது. எழுபது கிட்ட ஆச்சு, முழங்காலை மடிச்சு உட்கார்ந்து பழைய ஆட்டத்தைத் திரும்ப ஆடிக் காட்டுவேன், ஜனம் பாவம்னு பார்க்கும். இவளைப் பார்த்து எவனும் பாவம்னு சொல்ல மாட்டான். வயித்துல ஒண்ணு குத்தும்."

"உன்னைக் கேலி பண்ணுவாங்க. தெருவுல பார்த்தா சாவியைப் பத்திக் கேட்பாங்க."

"நெவ்ஸாத் கேட்பான். கேட்கட்டும், அவன் இப்பல்லாம் பேசறதே இல்லை." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "போடு. ஆனா அந்த முண்டம் தலையைச் சீவியிருக்கலாம்."

வீப்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொன்னாள். கணினியை மூடிப் பையில் வைத்தாள். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டே, "நாங்க எப்படியும் வந்து பார்ப்போம், தெரியும்ல? படம் காட்டற அன்னிக்கு மட்டுமில்லை, சும்மாவே…" என்று ஆரம்பித்தாள்.

"அதைச் சொல்லாதே."

"நிஜமாத்தான்."

"நிஜமாத்தான் சொல்றே. நானும் நிறைய பேருகிட்ட நிஜமாத்தான் சொல்லியிருக்கேன். அதனால சொல்லாதே."

வீப்கே பையைத் தோளில் போட்டாள். கதவுவரை ரோட்ராவுட்டும் கூட நடந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தவள் அதை விலக்கவில்லை. சாக்கு ஒன்றும் கைவசம் இல்லை. பல்பு, பூச்சு, முழங்கால் எல்லாம் தீர்ந்துவிட்டன. மறைத்து வைக்கவும் ஒன்றும் இல்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கியா?" என்றாள். இத்தனை வாரத்தில் அவள் கேட்காத ஒன்று அதுதான். கேட்டதும் காது சூடானது. "எடுக்க ஒண்ணும் இல்லை. பேட்டி இல்லை. சும்மாத்தான்."

வீப்கே மணியைப் பார்த்தாள். "பையனைப் பள்ளியிலேர்ந்து கூட்டிக்கிட்டு வரணும். நாலு மணிக்கு மூடிடுவாங்க."

"சரி. அப்ப போ."

"ஒரு பத்து நிமிஷம் இருக்கலாம்," என்றாள் வீப்கே. திரும்பி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ரோட்ராவுட் எதிரே உட்கார்ந்தாள். தன் கதையை எல்லாம் இந்த அறையிலேயே சொல்லித் தீர்த்தாகிவிட்டது. இவர்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வீப்கேக்குப் பிள்ளை இருப்பதே இப்போதுதான் தெரியும்.

"உன் பையனுக்கு என்ன பேரு?"

"லாஸ்ஸே."

"என்ன சாப்பிடுவான்?"

"நூடுல்ஸ். வேற எதையும் தொட மாட்டான்."

"வெண்ணெய் போட்டா?"

"ஒண்ணுமே போடாம. வெறும் நூடுல்ஸ்."

"அட," என்றாள் ரோட்ராவுட்.

வீப்கே கடிகாரத்தின் பக்கம் கண் போகாமல் பார்த்துக்கொண்டாள். அவள் அப்படிப் பார்த்துக்கொள்வது தெரிந்தது. தெரிந்தும் ரோட்ராவுட் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.